ஜெர்மனியில் மாஸ்டர்ஸ்: மகளுக்கு 145 யூரோ பப்ளிக் இன்சூரன்ஸா, 33 யூரோ பிரைவேட்டா?

தறிக்காரர்_கரூர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போறவன், இன்னைக்கு ஒரு சந்தேகம் கேக்கறதுக்காகவே கணக்கு ஆரம்பிச்சிருக்கேன்.

என் மூத்த பொண்ணுக்கு ஜெர்மனியில மாக்டெபுர்க்ல, ஓட்டோ ஃபான் கெரிக்கே யுனிவர்சிட்டியில மாஸ்டர்ஸ் சீட் கெடச்சிருக்குதுங்க. அக்டோபர்ல கிளாஸ். ஏபிஎஸ் சர்டிபிகேட் (இங்க படிச்ச படிப்பு உண்மைதான்னு ஜெர்மனிக்காரங்க சரிபாத்துத் தர்றது) கைக்கு வந்தாச்சு. பிளாக்டு அக்கவுண்ட்டுல (செலவுக்குன்னு மொத்தமாப் போட்டு, மாசாமாசம் கொஞ்சமா மட்டும் எடுக்கற கணக்கு) 11,904 யூரோ போட்டாச்சு, பாதி பேங்க் லோன், மீதி எங்க அம்மா நகை. இப்ப மெடிக்கல் இன்சூரன்ஸ்ல வந்து நிக்குதுங்க.

கோயமுத்தூர்ல ஒரு கன்சல்டன்சி மூலமாத்தான் எல்லாம் பண்றோம். அந்தத் தம்பி சொல்றாரு, “பப்ளிக் இன்சூரன்ஸ் எடுத்தா மாசம் 145 யூரோ வருங்க சார். எங்ககிட்ட பிரைவேட் ஒண்ணு இருக்குது, 33 யூரோதான். விசாவுக்கும் அதுவே போதும், யுனிவர்சிட்டியிலயும் ஏத்துக்குவாங்க”ன்னு. வித்தியாசம் மாசம் 112 யூரோ. ரெண்டு வருசத்துக்குப் போட்டுப் பாத்தா 2,688 யூரோ. யூரோ நூறு ரூபான்னு வெச்சாலே ரெண்டு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். நான் ஒரு தறி யூனிட்டுல சூப்பர்வைசருங்க, எனக்கு அது சின்னக் காசு இல்ல.

ஆனா ஒரு விசயம். பொண்ணுக்கு மூணாங்கிளாஸ் படிக்கறப்ப இருந்தே வீசிங் இருக்குது. இப்பப் பரவால்ல, மார்கழி பனியில மட்டும் இன்ஹேலர் எடுத்துக்குவா. காலேஜ் படிக்கறப்ப ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில நெபுலைசர் வெக்கற மாதிரி ஆயிருச்சு. இதைச் சொன்னதுக்கு அந்தத் தம்பி, “அதெல்லாம் ஃபார்ம்ல எழுத வேண்டாங்க சார், கேக்கவும் மாட்டாங்க”ங்கறாரு. அது எனக்கு என்னமோ மாதிரி இருக்குது. பொண்ணு, “சீனியர்ங்க எல்லாம் பப்ளிக்தான் எடுக்கச் சொல்றாங்கப்பா”ங்கறா. ஒருத்தர் பாத்து ஒருத்தர் சொல்றாங்களான்னும் தெரியல. அங்க இருக்கறவங்க கொஞ்சம் வெவரமாச் சொல்லுங்க. பொண்ணுக்கு வயசு 23.

---

எல்பே_கரை பதில்:

அங்கிள், நான் அதே யுனிவர்சிட்டியில படிச்சவன்தான், விருதுநகர் பக்கம். இப்பவும் மாக்டெபுர்க்லதான் இருக்கேன்.

முதல்ல அந்த 145 எங்கிருந்து வருதுன்னு சொல்லிடறேன், ஏன்னா கன்சல்டன்சிகள்ல அதை ஏதோ அபராதம் மாதிரிச் சொல்லுவாங்க. ஒரு மாணவரோட மாசத் தேவை 855 யூரோன்னு இங்க அரசாங்கம் ஒரு கணக்கு வச்சிருக்கு. அதுல 10.22 சதவீதம், அதாவது 87.38 யூரோ, எந்த காஸாவுல சேர்ந்தாலும் ஒண்ணுதான். (காப்பீட்டு நிறுவனத்தை இங்க எல்லாரும் காஸான்னுதான் சொல்லுவோம்.) அதுக்கு மேல ஒவ்வொரு காஸாவும் தன் பங்குக்குக் கொஞ்சம் கூடுதல் போடும். டிகே, ஏஓகே, பார்மர், டிஏகே இந்த காஸாக்களுக்கெல்லாம் நடுவுல விலை வித்தியாசம்னு பாத்தா அந்தக் கூடுதல் மட்டும்தான், சில யூரோ. மீதி, நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடுன்னு ஒண்ணு, அது கட்டாயம். 23 வயசாகி குழந்தை இல்லாதவங்களுக்கு அதுல 0.6 சதவீதம் கூட. உங்க பொண்ணு சரியா அந்த வரிசையில வந்து நிக்கிறாங்க. எல்லாம் கூட்டினா 145-ஐ ஒட்டி வரும், வருஷா வருஷம் கொஞ்சம் ஏறும். வாரம் 20 மணி நேரத்துக்குள்ள பார்ட் டைம் வேலை பாத்தா, எவ்வளவு சம்பாதிச்சாலும் இந்தத் தொகை மாறாது.

பிளாக்டு அக்கவுண்ட்டுல இருந்து மாசம் 992 யூரோதான் வெளிய வரும். 145 போனா 847. மாக்டெபுர்க்ல அதுல ஓட்டலாம், மியூனிக்னா நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

இப்ப முக்கியமானது. பிரைவேட் எடுக்கறதுன்னா சும்மா ஒரு பாலிசியை வாங்கிட்டுப் போய்க் காட்டுறது இல்ல. 30 வயசுக்குள்ள இருக்கிற மாணவருக்கு பப்ளிக் சட்டப்படி கட்டாயம். “எனக்கு வேண்டாம், விலக்கு கொடுங்க”ன்னு ஒரு பப்ளிக் காஸாகிட்டயே எழுதிக் கொடுத்து விலக்கு வாங்கணும். அதுக்கு மூணு மாசம் அவகாசம். வாங்கிட்டா அந்தப் படிப்பு முடியற வரைக்கும் திரும்பி பப்ளிக்குக்கு வர முடியாது. ரெண்டாவது செமஸ்டர்ல மனசு மாறினாலும் சரி, உடம்பு மாறினாலும் சரி. பொண்ணு ஃப்ளைட் ஏறி வந்த களைப்புல, “இங்க ஒரு கையெழுத்து போடுங்க”ன்னு நீட்டுற காகிதம் அதுவா இருக்கும். அதை மட்டும் படிக்காம போட்டுடக் கூடாது.

---

பிரைவேட்_பார்த்தி பதில்:

எல்லாரும் சேந்து சாரை பயமுறுத்தாதீங்கப்பா. நான் பெர்லின்ல இருக்கேன், வந்ததுல இருந்து முப்பது சொச்சம் யூரோ பிரைவேட்தான். பல் வலிக்கு ஒரு தடவை போனேன், பில்லை ஸ்கேன் பண்ணி ஆப்ல போட்டேன், காசு அக்கவுண்ட்டுக்கு வந்துடுச்சு. என் ரூம்மேட் மாசம் 145 கட்டிட்டு இதுவரைக்கும் ஒரு தடவை கூட டாக்டர்கிட்ட போகல. யாரு லாபம்? நூறு யூரோங்கறது எனக்கு ஒரு மாச மளிகைல பெரும்பகுதி. நல்லா இருக்கிற உடம்புக்கு எதுக்கு சார்?

---

டோட்முண்ட்_அக்கா பதில்:

வணக்கம் அண்ணை. நான் பருத்தித்துறை, இப்ப கனகாலமா டோட்முண்ட். இஞ்ச ஒரு குடும்ப வைத்தியரிட்ட முன்மேசையில வேலை. வாற ஆக்களிட்ட காட் வாங்கி மெசினில செருகிறது, ரத்தம் எடுக்கிறது, போன் எடுத்துப் பேச்சு வாங்கிறது எல்லாம் நான்தான். யூனிக்குப் படிக்க வாற எங்கட பிள்ளையள் கனபேர் வருகினம், சிலர் நான் தமிழ் எண்டு அறிஞ்சே வருகினம். அதால மேசைக்கு இந்தப் பக்கத்தில இருந்து பாக்கிறதைச் சொல்லுறன்.

பப்ளிக் காட் வச்சிருக்கிற பிள்ளை வந்தா, காட்டைத் தருவா, நான் மெசினில போடுவன், கதிரையில இருங்கோ எண்டுவன். அவ்வளவுதான். காலாண்டு மாறேக்க திரும்ப ஒருக்கா காட் போடவேணும். டொக்டர் எழுதிற மருந்து இப்ப கடதாசியில இல்லை, 2024 தொடக்கம் மின்சீட்டு. அதே காட்டை மருந்துக்கடையில செருகினா மருந்து வரும். பிள்ளை கையால கட்டுறது ஒரு மருந்துக்கு 5 யூரோவில இருந்து 10 யூரோ வரைக்கும். ஆசுப்பத்திரியில படுத்தா நாளுக்கு 10 யூரோ, அதுவும் வருசத்தில 28 நாளுக்கு மேல கேக்க மாட்டினம். மிச்சத்தை காசாவும் நாங்களும் பாத்துக்கொள்ளுவம், பிள்ளையின்ர கண்ணுக்கு ஒரு பில்லும் தெரியாது. காட்டை மறந்து போட்டு வந்தாலும் ஓடித் திரிய வேண்டாம், காசாவின்ர ஆப்பில காட்டுக்குப் பதிலா ஒரு கடிதம் எடுக்கலாம்.

பிரைவேட் பிள்ளை வந்தா கதை வேற. காட் இல்லை, போனில ஒரு பிடிஎஃப் இருக்கும். அதை மெசின் வாசிக்காது. எங்களுக்கு அவர் கைக்காசு கட்டுற நோயாளி. சில இடங்களில முன்னுக்கே காசு கேப்பினம், நாங்கள் விலாசம் எழுதி வாங்கிப்போட்டுப் பிறகு பில் அனுப்புவம். பில்லுக்கு எல்லா டொக்டருக்கும் ஒரே அட்டவணைதான். ஆலோசனை சொன்னதுக்கு 10.72, நெஞ்சு வயிறு வடிவாச் சோதிச்சா 21.45, நுரையீரல் ஊதிப் பாக்கிற சோதினைக்கு 25 சொச்சம். வழக்கமான மடங்கு போட்டு வாற தொகை இது. பாத்தியளோ, பயப்பிடுற காசு இல்லை. அதாலதான் பார்த்தித் தம்பிக்கு ஒரு கரைச்சலும் வரேல்லை. சுகமான ஆளுக்கு அந்த பாலிசி வேலை செய்யும், இல்லை எண்டு நான் சொல்ல மாட்டன்.

உங்கட மகளின்ர விசயம் அது இல்லை, அண்ணை.

இந்த 30, 35 யூரோ பாலிசியள் பேருக்குத்தான் மாணவர் காப்புறுதி, உள்ளுக்கு வாசிச்சுப் பாத்தா பயணக் காப்புறுதியின்ர தங்கச்சி. இஞ்ச வந்தாப் பிறகு புதுசா வாற வருத்தத்துக்குத்தான் காசு. ஏற்கெனவே இருந்த வருத்தம் எண்டா ஒரு வரியில விலக்கியிருப்பினம், அந்த வரி பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில கிடக்கும்.

போன மாரிக்கு ஒரு இந்தியப் பெடியன் வந்தவர். மூச்சு விடேக்க விசிலடிக்கிறது மேசையில நிண்ட எனக்கே கேட்டது. டொக்டர் காத்திருந்த ஆக்களை விட்டிட்டு அவரை உள்ளுக்குக் கூப்பிட்டு மருந்துப் புகை பிடிக்க வச்சவர். அடங்கேல்லை. ஆம்புலன்சுக்கு அடிச்சம், ஆசுப்பத்திரியில மறிச்சுப்போட்டினம். அவர் வீட்ட போனாப் பிறகு அவரின்ர கொம்பனியில இருந்து எங்களுக்கு ஒரு ஃபோர்ம் வந்தது. என்ன கேட்டிருப்பினம் எண்டு நினைக்கிறியள்? இந்த வருத்தம் முதன்முதல் எப்ப வந்தது, முன்னம் ஆரிட்டக் காட்டினவர், என்ன மருந்து பாவிச்சவர். டொக்டர் பொய் எழுத மாட்டார். “சின்னனில இருந்து இருக்கு” எண்டு பெடியனே சொன்னது எங்கட கம்பியூட்டரில பதிஞ்சு கிடக்கு. ஆசுப்பத்திரிப் பில்லைக் கொம்பனி தொடேல்லை. ஆம்புலன்ஸ் பில்லும் சேத்து மாதாமாதம் தவணையில கட்டுறன் எண்டு பேந்தொருநாள் வந்து சொன்னவர். எங்கட பில் 60 யூரோவும் வராது, அதை மட்டும் உடன கட்டிப்போட்டார், பாவம்.

அந்தப் பிள்ளையிட்டயும் சேரேக்க ஒரு கேள்வியும் கேக்கேல்லையாம். கேக்காத கொம்பனி நல்ல கொம்பனி எண்டு நினைக்காதேங்கோ. சேரேக்க கேக்காதவை காசு குடுக்கேக்க கேப்பினம். கேட்ட இடத்தில மறைச்சு எழுதினா இன்னும் மோசம், ஒப்பந்தத்தையே முறிக்கலாம். உங்கட ஆள் “எழுத வேண்டாம்” எண்டு சொல்லுறார் பாருங்கோ, அவர் பாலிசி வித்தவுடன போயிடுவார். ஃபோர்மில கையெழுத்து மகளின்ர.

பப்ளிக் காசாவில ஆஸ்மா இருக்கோ, சீனி வருத்தம் இருக்கோ எண்டு பாத்துச் சேக்கிறதில்லை. இருந்தாலும் இல்லாட்டியும் அதே காசு, மாட்டன் எண்டு சொல்லவும் ஏலாது. ஆஸ்மாக்காரருக்கெண்டு தனித் திட்டமே இருக்கு. குறிச்ச காலத்துக்கொருக்கா வரச் சொல்லி, ஊதிப் பாத்து, இன்ஹேலர் சரியாப் பிடிக்கிறாவோ எண்டும் பாப்பம். கனபேர் பிழையாத்தான் பிடிக்கினம், பத்து வருசமாப் பிடிக்கிற ஆக்களும்.

சும்மா புகழவும் ஏலாது. நெஞ்சு ஸ்பெசலிஸ்டிட்ட நேரம் கேட்டா மாசக்கணக்கில தள்ளித்தான் தருவினம். “பிரைவேட்டுக்கு உடன நேரம்” எண்டு கேள்விப்பட்டிருப்பியள், அது முழுப் பிரைவேட் வச்சிருக்கிற உத்தியோகத்தருக்கு, 33 யூரோவுக்கு இல்லை. கண்ணாடிக்குப் பெரும்பாலும் காசா காசு தராது. பல்லுத் துப்பரவாக்கிறதும் பெரும்பாலும் கைக்காசு. பல்லு வேலை ஏதும் இருந்தா ஊரிலயே முடிச்சு, கண்ணாடி ரெண்டாச் செய்து குடுத்து விடுங்கோ.

---

முப்பது_பிளஸ் பதில்:

அக்கா சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா இந்தப் பக்கத்தைப் படிக்கிற மத்தவங்களுக்காக ஒண்ணு. பப்ளிக்கா பிரைவேட்டான்னு யோசிக்கிற வசதியே எல்லாருக்கும் கிடையாது.

நான் வேலையை விட்டுட்டு 32 வயசுல படிக்க வந்தவன். மாணவர் கட்டணம் 30 வயசு முடியற செமஸ்டரோட சரி. அதுக்கு மேல நேரா இந்தியாவுல இருந்து வர்றவங்களுக்கு பப்ளிக்ல இடமில்ல. ஜெர்மன் மொழி வகுப்புக்கு மட்டும் வர்றவங்க, யுனிவர்சிட்டிக்கு முன்னால ஸ்டுடியன்கொலெக்ங்கிற ஆயத்தப் படிப்பு படிக்கிறவங்க, இவங்களுக்கும் மாணவர் கட்டணம் கிடையாது. பிஎச்டிக்கும் இல்ல, ஆனா அவங்களுக்கு வேலை ஒப்பந்தம் இருந்தா அது வழியா பப்ளிக் வந்துடும். மொழி வகுப்பு, ஸ்டுடியன்கொலெக்காரங்க பின்னால யுனிவர்சிட்டியில சேரும்போது பப்ளிக்குக்கு மாறிக்கலாம், வயசு இருக்கணும்.

எங்களை மாதிரி ஆளுங்க இருக்கிறதுலயே மலிவானதை எடுக்காம, விலக்கு விதிகளைப் படிச்சுட்டு ஒரு படி மேல எடுக்கறது நல்லது. என்னோடது 33-ஐ விட ரெண்டு மடங்குக்கு மேல. முன்கூட்டியே தெரிஞ்ச சிகிச்சைன்னா, போறதுக்கு முன்னாலயே “இதுக்குப் பணம் தருவீங்களா”ன்னு எழுத்துல பதில் வாங்கிடுவேன். மலிவு பாலிசியை விசா நீட்டிப்புல ஏத்துக்காத அலுவலகங்களும் இருக்கு. கூடப் படிக்கிற பையன் ஒருத்தனைப் புதுசா வேற எடுத்துட்டு வரச் சொல்லி அனுப்பிட்டாங்க.

பார்த்தி, நீங்க 30-க்குள்ளதானே? வேலை கிடைச்சதும் சம்பளத்தோட பப்ளிக் தானா வந்துடும், அதனால ஆயுசுக்கும் மாட்டிக்கல. நடுவுல இருக்கிற காலம்தான் இடிக்கும்.

---

எல்பே_கரை பதில்:

நடுவுல இருக்கிற காலம்னு அண்ணன் சொன்னதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்றேன், நான் இப்ப அதுலதான் இருக்கேன். படிப்பு முடிஞ்சதும் வேலை தேட 18 மாசம் அனுமதி கொடுக்கிறாங்க. மாணவர் கட்டணம் அதுக்குச் செல்லாது. பப்ளிக்ல இருந்தவன் சொந்தமா கட்டித் தொடரலாம், மாசம் 250 யூரோவைத் தாண்டுது, கசக்கத்தான் செய்யுது. ஆனா தொடர முடியுது. படிக்கும்போது விலக்கு வாங்கினவங்களுக்கு வேலை கிடைக்கிற வரைக்கும் பெரும்பாலும் அந்த வழியும் இல்ல, வேற பிரைவேட்தான் தேடணும்.

இன்னொண்ணு, பப்ளிக்ல பணம் கட்டாம விட்டா காஸா யுனிவர்சிட்டிக்கே தகவல் அனுப்பிடும், அடுத்த செமஸ்டர் பதிவு நின்னுடும். அதனால அக்கவுண்ட் திறந்ததும் தானா எடுத்துக்கிற மாதிரி அனுமதி கொடுத்துடச் சொல்லுங்க.

---

தறிக்காரர்_கரூர் பதில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. டோட்முண்ட் தங்கச்சி எழுதினதை பொண்ணும் அவங்கம்மாவும் பக்கத்துல உக்காந்து படிச்சாங்க. அவங்கம்மா, “ரெண்டு லட்சம் போனாப் போகுதுங்க, அந்த ராத்திரி மாதிரி அங்க ஆச்சுன்னா நம்ம யாரு போறது”ன்னுட்டா. பப்ளிக்தான்னு முடிவு பண்ணிட்டோம்.

இன்னும் ரெண்டு மூணு கேள்வி இருக்குது, கோவிச்சுக்காதீங்க. பொண்ணு செப்டம்பர் நடுவுலயே போறா, ரூம் பாக்கோணும். பப்ளிக் எப்ப இருந்து ஆரம்பிக்கும்? இன்ஹேலர் எத்தனை குடுத்து விடலாம்? அப்பறம் பாஸ்போர்ட்டுல அவளுக்கு சர்நேம்ங்கற இடத்துல என் பேருதான் இருக்குது, யுனிவர்சிட்டி லெட்டர்ல இனிசியலாப் போட்டு அனுப்பியிருக்காங்க. இது ஏதாவது சிக்கல் ஆகுங்களா?

---

எல்பே_கரை பதில்:

அங்கிள், மாணவர் காப்பீடு செமஸ்டர் தொடங்குற அக்டோபர் 1-ல இருந்துதான். அதுக்கப்புறம் யுனிவர்சிட்டியில பதிவு பண்ணினா பதிவு பண்ற நாள்ல இருந்து. ஆக செப்டம்பர் நடுவுல இறங்கி அக்டோபர் வரைக்கும் பொண்ணு வெறும் கையோட நிப்பாங்க. அந்த நாட்களுக்குத்தான் பயணக் காப்பீடு வேணும். விசாவுக்கும் இறங்குற நாள்ல இருந்து காப்பீடு கேப்பாங்க. அதுவும் வீசிங்கைப் பாக்காது, தெரிஞ்சே எடுங்க.

பப்ளிக் காஸாவுல ஊர்ல இருந்தே ஆன்லைன்ல விண்ணப்பிக்கலாம். உறுதிக் கடிதம் மெயில்ல வரும், விசா ஃபைல்ல அதையும் வைங்க. யுனிவர்சிட்டிக்கு நீங்க காகிதம் எதுவும் கொண்டு போக வேண்டாம், காஸாவே காப்பீட்டு விவரத்தைக் கம்ப்யூட்டர் வழியா அனுப்பிடும். எம்10-ன்னு சொல்லுவாங்க. “எம்10 அனுப்பிட்டீங்களா”ன்னு காஸாவுக்கு ஒரு மெயில் போட்டாப் போதும்.

இங்க வந்து அட்ரஸ் கொடுத்து, போட்டோ அப்லோட் பண்ணினாத்தான் கார்டு அச்சாகும். அது தபால்ல வரும். இங்க தபால்காரர் ரூம் நம்பர் பாக்க மாட்டார், லெட்டர் பாக்ஸ்ல ஒட்டியிருக்கிற பேரைத்தான் பாப்பார். முதல் நாளே பேரை எழுதி ஒட்டிடச் சொல்லுங்க, இல்லைன்னா கார்டு திரும்பிப் போயிடும். பேங்க் கார்டும் அப்படித்தான்.

---

டோட்முண்ட்_அக்கா பதில்:

பேரைப் பற்றி நான் சொல்லுறன், எங்களுக்கும் அதே கதைதானே. பாஸ்போட்டில சர்நேம் இடத்தில உங்கட பேர் எண்டா, இஞ்ச எல்லா இடத்திலயும் மகள் உங்கட பேராலதான் கூப்பிடுபடுவா. காத்திருக்கிற அறையில நான் தகப்பன்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுவன், பிள்ளை வேற ஆரையோ எண்டு போனை நோண்டிக்கொண்டு இருக்கும். ரெண்டு மூண்டு தரத்தில பழகிடும். ஆனா காசா, யூனி, வங்கி, நகரசபை எல்லாத்திலயும் பாஸ்போட்டில இருக்கிற மாதிரியே எழுத வேணும். யூனிக்கு இப்பவே ஒரு மெயில் போட்டு இனிசியலை மாத்தச் சொல்லுங்கோ. ஒரு இடத்தில ஒரு மாதிரி கிடந்தா அந்த எம்10 ஆளைத் தேடிக்கொண்டு நிக்கும்.

மருந்து, தன்ர பாவிப்புக்கு மூண்டு மாசத்துக்குக் காணக்கூடியது கொண்டு வரலாம். டொக்டரிட்ட இங்கிலீசில ஒரு கடிதம் வாங்குங்கோ, அதில கடையில விக்கிற பேரை மட்டும் எழுதாமல் மருந்தின்ர உள்பேரையும், எத்தினை மைக்ரோகிராம் எண்டதையும் எழுதச் சொல்லுங்கோ. உங்கட ஊர்ப் பிராண்ட் பேர் எங்கட டொக்டருக்கு விளங்காது, உள்பேர் இருந்தா அதே மருந்தை இஞ்சத்தைப் பேரில எழுதித் தருவார். இன்ஹேலரைக் கைப்பையில வைக்கச் சொல்லுங்கோ, பெட்டிக்குள்ள போட வேண்டாம். காட் வந்த முதல் மாசமே, சுகமா இருக்கேக்கயே, ஒரு குடும்ப வைத்தியரிட்டப் போய்ப் பதியச் சொல்லுங்கோ. மாரி தொடங்கினாப் பிறகு புது ஆக்களை எடுக்காத இடம் கனக்க. இரவில, சனி ஞாயிறில ஏலாமப் போனா 116117, அது டொக்டர் சேவை இலக்கம். மூச்சு எடுக்கவே கஷ்டம் எண்டா யோசிக்காமல் ஆம்புலன்சுக்கு 112.

---

தறிக்காரர்_கரூர் பதில்:

எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கிட்டேன் தங்கச்சி. கன்சல்டன்சியில போய், “அந்த 33 யூரோ பாலிசிய ரெண்டு வாரத்துக்கு மட்டும் போட்டுக் குடுங்க”ன்னு கேட்டேன். குறைஞ்சது ஒரு வருசம் எடுத்தாத்தான் ஆச்சுங்கறாரு.

---

எல்பே_கரை பதில்:

அவர்கிட்ட எடுக்கவே வேண்டாம் அங்கிள். பிளாக்டு அக்கவுண்ட் எந்த நிறுவனத்துல போட்டீங்களோ அவங்க இணையதளத்துல பாருங்க. அவங்க வழியா பப்ளிக் காஸாவுல சேர்ந்தா, வந்து இறங்குற நாள்ல இருந்து பப்ளிக் தொடங்குற வரைக்கும் பயணக் காப்பீட்டை இலவசமாவே சேர்த்துக் கொடுக்கிற திட்டம் சிலர்கிட்ட இருக்கு. இல்லைன்னா மாசக் கணக்குல தனியா விக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. தொடங்குற தேதியை மட்டும் ஃப்ளைட் டிக்கெட்டோட சரி பாத்துக்குங்க, ராத்திரி ஏறி மறுநாள் இறங்குற ஃப்ளைட்னா ஏறுற தேதியைப் போடுங்க.